அம்மா வலியில் அழுகிறார், அப்பா வாயே திறப்பதில்லை: வளர்ந்த விதம்தான் காரணமா?

பெற்றோர் இருவருக்கும் பல மாதங்களாக முதுகுவலி. அம்மா ஓயாமல் சொல்லி அழுகிறார், அப்பா கேட்டால்கூடச் சொல்வதில்லை. சிறு வயதில் வளர்ந்த விதம்தான் இதற்குக் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். காசிமேட்டில் வலை இழுப்பவர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். உங்கள் பெற்றோரைப் போன்றவர்கள் அவர்களில் பலர். வளர்ப்புக்குப் பங்கு உண்டு, ஆனால் அது ஒன்றே காரணமன்று.

பயத்திலும் வலியிலும் குழந்தை யாரைத் தேடி ஓடுகிறது, அங்கே அதற்கு என்ன கிடைக்கிறது என்பதிலிருந்துதான் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியின் பிணைப்புக் கோட்பாடு பிறந்தது. 1987-இல் உளவியலாளர்கள் ஹேசனும் ஷேவரும் அதைப் பெரியவர்களின் காதல் உறவுக்கு விரித்தனர். அரவணைப்பு கிடைக்குமா கிடைக்காதா என்ற நிச்சயமின்மையில் வளர்ந்தவர், தம்மைக் கைவிட்டுவிடுவார்களோ என்ற பதற்றத்தோடு துன்பத்தை மிகுதியாக வெளிப்படுத்தக்கூடும். கேட்டும் பயனில்லை என்று சிறு வயதிலேயே கண்டவர், யாரையும் நாடாமல் தாமே தாங்கப் பழகியிருக்கக்கூடும். பதற்றம் மிகுந்தவர்கள் வலியைப் பேராபத்தாக எண்ணிக் கலங்குவதும் மனச்சோர்வடைவதும் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதனால் உங்கள் அம்மா நடிக்கிறார் என்று பொருளல்ல. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையிலும் வலி என்பது உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம்தான்.

உங்கள் அப்பாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அன்புக்குரியவர் கையைப் பிடித்திருந்தால் வலி குறைகிறது என்று 2009-இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. ஆனால் 2015-இல் கிராஹேயும் உடன் ஆய்வாளர்களும் பெண்களுக்கு லேசர் கதிரால் சிறு வலியை உண்டாக்கிப் பார்த்தபோது, நெருக்கத்தைத் தவிர்க்கும் இயல்பு மிகுந்தவர்களுக்குத் துணைவர் அருகில் இருக்கையில் வலி கூடுதலாகவே தெரிந்தது. இங்கே ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீடுகளில், வலியைப் பிறர் பார்ப்பதை விரும்பாதவருக்கு ஒதுங்க இடமே இல்லை என்பதை நினைத்து நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். ஆகவே அவரைச் சூழ்ந்து நின்று விசாரிக்காதீர்கள். பயிற்சியைத் தனியே செய்யவும் அளவைத் தாமே முடிவு செய்யவும் விடுங்கள். அம்மா விஷயத்தில் இதற்கு நேர்மாறாக, அவர் அழும்போது மட்டும் ஓடிச் செல்லாமல், வலி குறைந்த நாளிலும் தினமும் ஒரே நேரத்தில் அருகில் உட்கார்ந்து பேசுங்கள்.

பேசாதவர் ஆபத்தான அறிகுறியையும் மறைத்துவிடுவார் என்பதால், அப்பாவிடம் மூன்றை மட்டும் நேரடியாகக் கேளுங்கள்: கால் வலுவிழக்கிறதா, தொடைகளுக்கு இடையே மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமமோ கட்டுப்பாடின்மையோ உண்டா. இவற்றில் ஏதாவது ஒரு கேள்விக்கு ஆம் என்றாலும் என்னைப் போன்றவர்களிடம் வராமல், அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.