இரண்டு பை, 45 நாள், 2 லட்சம்: பினாங்கு முதல் கோ தாவ் வரை

நீங்கள் கேட்டிருப்பது இதுதானே: கணவன் மனைவி இரண்டு பேர், கையில் 2 லட்சம், ஜூலையில் 40 நாள் விடுப்பு, தென்கிழக்கு ஆசியாவில் கடற்கரை ஊர்கள், தீவுகள் என்று ஏழெட்டு இடம் பார்த்துவிட முடியுமா? காசு போதும். ஆனால் ஏழெட்டு இடம் வேண்டாம், நாலு போதும். ஏன் என்று சொல்கிறேன். நாங்களும் பதினோரு ஊர் எழுதிய எக்செல் ஷீட்டோடு கிளம்பியவர்கள்தான்.

நானும் என் வீட்டுக்காரரும் 2024 பிப்ரவரி 4 அன்று திருச்சியில் கோலாலம்பூர் விமானம் ஏறினோம், மார்ச் 19 அன்று பாங்காக்கிலிருந்து சென்னைக்குத் திரும்பினோம். விமானம், ரயில், படகு, வாடகை, சாப்பாடு, கடலில் நான் தொலைத்த ஒரு செருப்பு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் 1,96,000 ரூபாய். அதில் விமானம் மட்டும் 36,000. விசாவுக்குச் செலவே இல்லை. 2023 நவம்பரில் தாய்லாந்தும் டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் வரலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். தாய்லாந்து அதை 2024 ஜூலையில் 60 நாளாக்கியது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, டிக்கெட் போடும் முன் ஒருமுறை பாருங்கள். இரண்டு நாட்டுக்கும் வருகைப் படிவத்தை இப்போது ஆன்லைனிலேயே நிரப்ப வேண்டும், அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பட்ஜெட் பயணம் என்றதும் எல்லோரும் அறை வாடகையில்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். இரண்டு பேராகப் போகும்போது அறை ஏற்கனவே பாதி விலைதான். காசைத் தின்பது ஊர் மாறும் நாள். தாய்லாந்தின் கோ லந்தாவில் (கோ என்றால் தாய் மொழியில் தீவு) எங்களுடைய ஒரு சாதாரண நாள்: ஃபேன் அறை 550 பாத், இரண்டு பேர் சாப்பாடு 450, ஸ்கூட்டர் 200, ஆக 1,200 பாத். அப்போது ஒரு பாத் சுமார் 2.35 ரூபாய், அதனால் ஏறத்தாழ 2,800 ரூபாய். ஆனால் கோ லீப்பேயிலிருந்து அதே லந்தாவுக்கு வந்து சேர, ஸ்பீட்போட்டில் பாக் பாரா துறை, அங்கிருந்து வேனில் ட்ராங், மறுபடி வேனில் லந்தா, நடுவில் வயிற்றுக்கு ஏதோ, எல்லாம் சேர்த்து 2,900 பாத் போனது. நேரடிப் படகு இதைவிட அதிகம். ஆக ஒரு தீவைக் கூடுதலாகச் சேர்த்தால் இரண்டரை நாள் வாழ்க்கைச் செலவு போச்சு, பயணத்தில் ஒரு பகலும் போச்சு. இது புரிந்த அன்று இரவே ஷீட்டிலிருந்து ஐந்து ஊரை அழித்தோம்.

கோலாலம்பூரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு ராத்திரி, தூங்கினோம். ரயிலில் பட்டர்வொர்த் போய், ஃபெர்ரியில் கடலைத் தாண்டி பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் இறங்கினோம். பாலம் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் பினாங்குக்குள் முதல் முறை ஃபெர்ரியில்தான் நுழைய வேண்டும் என்பேன். அங்கே தமிழ் உங்களைக் காப்பாற்றும். கடைக்காரர் "பசியாறியாச்சா?" என்பார், ரிங்கிட்டை வெள்ளி என்பார். நாசி கண்டார் என்பது தமிழ் முஸ்லிம்கள் காவடித் தடியில் இரண்டு பக்கமும் சோறும் கறியும் தொங்கவிட்டுச் சுமந்து விற்ற சாப்பாடு, அந்தத் தடிதான் கண்டார். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொன்னால் தட்டு வெள்ளக்காடாகும், அதுதான் ருசி. ஒரே எச்சரிக்கை: பல கடைகளில் விலைப்பலகை கிடையாது, தட்டைப் பார்த்துக் கண்ணாலேயே விலை போடுவார்கள். பெரிய இறாலையும் கணவாயையும் கை காட்டிவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள், முதலிலேயே கேளுங்கள்.

பினாங்கில்தான் எங்கள் பெரிய முட்டாள்தனமும் நடந்தது. அந்த வருஷம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10. அதை நாங்கள் பார்க்கவே இல்லை. 75 வெள்ளி அறை 9ஆம் தேதியிலிருந்து 160 ஆனது, அதுவும் வேறு யாரோ முன்பதிவு செய்துவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு அலைந்து, கடைசியில் பன்னிரண்டு பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் மேலும் கீழுமாக இரண்டு படுக்கை கிடைத்தது. ஐந்து ராத்திரி, திருமணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக ஏணி வைத்துப் பேசிக்கொண்டோம். ஆனால் புத்தாண்டுச் சமயத்தில் அங்கே இருந்ததால்தான், அதன் ஒன்பதாம் நாள் விழாவுக்கு முந்தின இரவு ச்சியூ ஜெட்டி என்ற சீனக் குடியிருப்பில் நிற்க வாய்த்தது. கடலுக்குள் கால் ஊன்றிய மர வீடுகள், அவற்றின் முன் நீளமான மேஜைகள், அதன்மேல் படையல், இரண்டு பக்கமும் முழுக் கரும்பு. முன்னொரு காலத்தில் ஹொக்கியன் சீனர்கள் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் தப்பியதால் இந்த நாளில் கரும்பு வைக்கிறார்களாம். பொங்கல் முடிந்து ஒரு மாசத்தில் இன்னொரு கரும்புத் திருவிழா. நள்ளிரவுக்குப் பட்டாசு காதைப் பிளந்தது.

பினாங்கிலிருந்து தாய்லாந்துக்கு ஏஜென்ட்டுகள் வேன் டிக்கெட் விற்பார்கள். வேண்டாம். பட்டர்வொர்த்தில், எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் போகும் கொம்யூட்டர் ரயில் ஏறுங்கள், எங்களுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு வெள்ளிகூட ஆகவில்லை, சுமார் இரண்டு மணி நேரம். இரண்டு நாட்டுக் குடிநுழைவும் அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே, ஒரு கூரைக்குக் கீழே. முத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் தாய்லாந்தின் ஹாட் யாய். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வையுங்கள்.

கோ லீப்பே. படத்தில் பார்க்கும் அதே பச்சை நீலத் தண்ணீர், பொய்யில்லை. ஆனால் பட்ஜெட்காரர்களுக்கு அது ஊர் இல்லை. சின்னத் தீவு, எல்லாமே படகில் வர வேண்டும், மோசமான அறைக்கே 950 பாத் கொடுத்தோம். உராக் லாவோய் என்ற கடலோடி மக்களின் இடம் அது. கடற்கரை முழுக்க ரிசார்ட்டுகள் பிடித்துக்கொண்டு, அவர்கள் நிலத்துக்காக வழக்கும் தகராறுமாக இருக்கிறார்கள். நாலு ராத்திரி, ஒரு நாள் ஸ்நார்க்கலிங், போதும் என்று கிளம்பிவிட்டோம்.

கோ லந்தாவுக்குத்தான் நான் திரும்பப் போவேன். ஐந்து ராத்திரி என்று போனவர்கள் பன்னிரண்டு ராத்திரி இருந்தோம். நீளமான தீவு, மேற்குப் பக்கம் முழுக்க மணல், கிழக்குப் பக்கம் பழைய ஊர், கடலுக்குள் நீளும் மர வீடுகள். பெரும்பாலும் முஸ்லிம் மக்கள், அதனால் காலையில் சாலையோரம் ரொட்டி, பொரித்த கோழி, மஞ்சள் சோறு என்று வயிறு நிறைய 50 பாத்துக்குக் கிடைத்தது. ஒரு வாரத்துக்கு மேல் என்றால் வாடகையைக் குறைக்கச் சொல்லி நேரில் கேளுங்கள். 700 சொன்ன குடில்தான் எங்களுக்கு 550க்கு வந்தது. ஆப்பில் முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும் போட்டுவிட்டுப் போய், மீதியை அங்கே நடந்து தேடுவது நல்லது. (சீனப் புத்தாண்டு தவிர!) குடிலின் உத்தரத்தில் ஒரு பெரிய பல்லி, ராத்திரியானால் டொக்-கே, டொக்-கே என்று அடித்தொண்டையில் கத்தும். என் வீட்டுக்காரர் படுத்தபடியே எத்தனை முறை என்று எண்ணுவார். பஞ்சாங்கத்தில் இந்தச் சைஸ் பல்லிக்குப் பலன் போட்டிருக்கிறதா என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் தீராத சந்தேகம்.

அவர் நாகப்பட்டினத்துக்காரர். லந்தாவின் படகுத்துறை ஊரான சாலாதானில் சுனாமிக்கு ஓட வேண்டிய திசையைக் காட்டும் பலகைகளைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார். குடில் நடத்தும் அம்மாவிடம் போனில் வரைபடத்தை விரித்து, தன் ஊரைத் தொட்டு, 2004 டிசம்பர் 26 என்று எழுதிக் காட்டினார். அந்த அம்மா நடுவில் இருக்கும் கடலை விரலால் ஒருமுறை குறுக்கே தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்களிடம் தண்ணீர் கேனுக்குக் காசு வாங்கவில்லை.

ஸ்கூட்டர் பற்றி. கிளம்பும் முன் ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுங்கள். இந்தியா கொடுப்பது 1949 சர்வதேச சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியான உரிமம், தாய்லாந்தில் செல்லும், 1968 ஒப்பந்தத்தை மட்டும் ஏற்கும் வியட்நாமில் செல்லாது. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள், ரொக்கம் கொடுங்கள், வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இறங்கும்போது இடது பக்கமாக இறங்குங்கள். நான் வலது பக்கம் இறங்கிக் கெண்டைக்காலில் சைலன்சர் சூடு வாங்கினேன். இது வாங்காத ஆளே இல்லை போல, பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு வாரம் கடலில் கால் வைக்கவில்லை, பன்னிரண்டு ராத்திரி ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

லந்தாவிலிருந்து வேனில் சூரத் தானி, அங்கிருந்து இரவுப் படகில் கோ தாவ். படகின் மேல் தளத்தில் வரிசையாக எண் போட்ட மெத்தைகள், உங்கள் எண்ணில் நீங்கள் படுக்க வேண்டும், அடுத்த மெத்தைக்காரருடைய முழங்கை உங்கள் மேல்தான் இருக்கும். ஒரு ராத்திரி வாடகை மிச்சம். கோ தாவில் எட்டு ராத்திரி. அங்கே ஸ்கூபா பழகாமல் வந்தது எங்கள் ஒரே வருத்தம். நாலு நாள் பயிற்சி அப்போது ஆளுக்குச் சுமார் 11,000 பாத் சொன்னார்கள், சில பள்ளிகள் தங்கும் இடத்தையும் சேர்த்தே தந்தார்கள். லீப்பேயை விட்டிருந்தால் ஒருவராவது பழகியிருக்கலாம்.

சண்டை வருமா என்று கடைசியாக ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். வரும். எங்களுடைய மிகப்பெரிய சண்டை 300 பாத்துக்கு வந்தது. டாக்ஸி வேண்டாம் என்று நான் சொல்லி, மத்தியானம் ஒரு மணி வெயிலில் பையோடு நாலு கிலோமீட்டர் நடந்தோம், அந்த நாலு கிலோமீட்டரும் அவர் வாய் திறக்கவில்லை. அன்று ராத்திரி ஒரு ஏற்பாடு செய்தோம்: வாரத்துக்கு ஆளுக்கு 700 பாத், எதற்கு என்று மற்றவர் கேட்கக் கூடாத பணம். அவர் அதில் ஐஸ் காபி குடித்தார், நான் மசாஜுக்குப் போனேன். அதற்குப் பிறகு காசுக்காகச் சண்டை வரவில்லை, வேறு காரணங்கள் இருந்தன. இன்னொன்று, தாய்லாந்து ஏடிஎம்மில் அப்போது ஒவ்வொரு முறையும் 220 பாத் கட்டணம் பிடித்தார்கள். 2,000, 3,000 என்று எடுக்காமல் ஒரே தடவையாக எடுங்கள். கணக்கை ரூபாயில் மாற்றிப் போடவா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

சரி, உங்கள் ஜூலைக்கு எங்கள் வழி அப்படியே ஒத்துவராது. அந்தமான் கடல் பக்கம், அதாவது லீப்பே, லந்தா எல்லாம் மே முதல் அக்டோபர் வரை மழை, பல படகுகள் ஓடாது. நீங்கள் கிழக்கே போங்கள். கோலாலம்பூரிலிருந்து இரவு பஸ்ஸில் கோலா பெசுட், அங்கிருந்து படகில் பெர்ஹெந்தியான் தீவுகள். அங்கே ஜூலைதான் சீசன், அதனால் அறையை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், தீவில் ஏடிஎம் இல்லை, ரொக்கம் கொண்டுபோங்கள். அதன் பிறகு வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறதே என்று கோத்தா பாருவிலிருந்து நேராகத் தாய்லாந்து எல்லையைத் தாண்டாதீர்கள், அந்தத் தென்கோடி மாகாணங்களில் குண்டு வெடிக்கிற பிரச்சினை பல வருஷமாக இருக்கிறது. பினாங்குக்கு வந்து, பத்து நாள் தின்று தீர்த்துவிட்டு, பாடாங் பெசார் வழியாக ரயிலில் ஹாட் யாய், சூரத் தானி, கோ பங்கான் அல்லது சமுய் இரண்டில் ஒன்று, கடைசியில் கோ தாவ். நாலு இடம், இடத்துக்குப் பத்து நாள். ஸ்கூபா பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.