நான்கு நாளில் நான்கு பார்க்கை "முடித்தவர்"

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி 23 வருடம். ஒரே மகன், போன ஆகஸ்டில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸ் வாரத்தில் நானும் மனைவியும் மட்டும் ஆர்லாண்டோ போய், வால்ட் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பார்க்குகளையும் நான்கே நாளில் முடித்தோம். மூன்று மாதம் உட்கார்ந்து எக்ஸெலில் திட்டம் போட்டேன். மூன்றாம் நாள் அனிமல் கிங்டமில், 40 நிமிடம் மிச்சம் பிடிக்கலாமே என்று எவரெஸ்ட் ரோலர் கோஸ்டர் ரைடுக்கு இருவரும் தனியாள் வரிசையில் போனோம். இறங்கியதும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவள், "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது, கேட்டதற்கு மட்டும்தான் பதில். 6,000 டாலருக்கு மேல் செலவு செய்தும் இந்தக் கதி. குழந்தைகளுக்கான இடத்துக்கு நாங்கள் மட்டும் போனதுதான் தவறா? பையனையும் கூட்டிப்போயிருக்க வேண்டுமோ?
– பெயர் வேண்டாம், ஹியூஸ்டன்

பதில்: பெயர் வேண்டாம் என்றது நல்ல யோசனை.

எட்டுப் பக்கக் கடிதத்தோடு (மேலே இருப்பது அதன் சுருக்கம்) அந்த எக்ஸெல் தாளையும் அனுப்பிவைத்திருக்கிறீர்கள், அதனால்தான் பதில் கொஞ்சம் நீள்கிறது. முதலில் பையன் விஷயத்தை முடித்துவிடலாம். அவன் வந்திருந்தால் மூன்று பேர் தனித்தனி வரிசையில் நின்றிருப்பீர்கள், அவ்வளவுதான். அவன் பாவம், ஹாஸ்டலில் நிம்மதியாக இருக்கட்டும்.

அப்புறம் இந்த "குழந்தைகளுக்கான இடம்". வால்ட் டிஸ்னிக்கு இரண்டு மகள்கள். சனிக்கிழமைகளில் லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பார்க்குக்குக் கூட்டிப்போவாராம். பிள்ளைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பெரியவர்களும் சேர்ந்து சந்தோஷமாக இருக்கிற மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது என்று அவரே பிற்பாடு சொன்னார். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாந்து திறந்ததற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது, கிரிஃபித் பார்க்கின் பெஞ்ச் ஒன்றை டிஸ்னிலாந்தில் காட்சிக்கும் வைத்திருக்கிறார்கள். ஆக, பெஞ்சில் சலித்துப்போய் உட்கார்ந்த ஒரு பெரிய மனிதருக்காகத்தான் இந்தத் தொழிலே ஆரம்பித்தது. நீங்கள் உங்கள் மனைவியை மறுபடி அதே பெஞ்சுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

நீங்கள் ஏறிய எவரெஸ்டுக்கும் ஸ்பேஸ் மவுண்டனுக்கும் 44 அங்குல உயரம் இல்லாத பிள்ளைகளை ஏற்றவே மாட்டார்கள். நான்கு பார்க்குகளில் ஒன்றான எப்காட்டில் ஏரியைச் சுற்றி மெக்சிகோவில் தொடங்கிக் கனடா வரை பதினோரு நாடுகளின் அரங்குகள், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடை. அந்தந்த நாட்டுச் சாப்பாடு, கடை, பாட்டு, இருட்டிய பிறகு ஏரியில் வாணவேடிக்கை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அங்கே கால்தான் வலிக்கும். கையில் ஒரு காபியோடு ஆற அமர நடக்கிற இருவருக்கு ஒரு சாயங்காலம் போதாது. உங்கள் தாளில் அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று பார்த்தேன். ஒரு மணி பத்து நிமிடம். நாட்டுக்கு ஆறு நிமிடம் சொச்சம், குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தக்கூட அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார்.

இப்போது அந்தத் தனியாள் வரிசைக்கு வருகிறேன், விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: சில ரைடுகளில் மூன்று பேர் கொண்ட குடும்பம் ஏறினால் ஓர் இருக்கை காலியாகும், அதை நிரப்புவதற்காகத் தனியாக வருகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வரிசை வைத்திருக்கிறார்கள். வேகமாக நகரும். ஆனால் ஜோடியாகப் போனால் ஜோடியாக உட்கார முடியாது, ஒரே ரயில் கிடைக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள், அவர் அடுத்த ரயிலில் யாரோ ஒரு குடும்பத்தின் ஓரத்தில். மலை உச்சியில் தண்டவாளம் பிய்ந்து கிடக்க, ரயில் இருட்டில் பின்பக்கமாகச் சரிகிறதே, அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்கத்தானே ஐயா அந்த ரைடு? அவர் யார் கையைப் பிடிப்பார்?

இதில் இன்னொன்றும் போயிற்று. எவரெஸ்டின் வழக்கமான வரிசை வெறும் கம்பி வேலி இல்லை. கோயில், மலையேறுகிறவர்களுக்கான சாமான் கடை, எட்டி என்கிற பனிமனிதனைப் பற்றிய ஒரு மியூசியம் என்று இமயமலை ஊர் ஒன்றின் வழியாக நடந்து போகிற மாதிரி அதைக் கட்டியிருக்கிறார்கள். கதை அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. (உள்ளே இருக்கிற எட்டி பொம்மை 2006ல் ரைடு திறந்த சில காலத்திலேயே அசைவதை நிறுத்திவிட்டது, அதன்மேல் விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி அசைகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் வரிசையில் இருக்கிற எட்டிதான் மேல் என்பது என் கட்சி.) தனியாள் வரிசையில் போனால் இதில் எதுவும் கண்ணில் படாது.

ஹார்வர்டில் பாடம் நடத்திய டேவிட் மைஸ்டர் 1985ல் காத்திருப்பதன் உளவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், வரிசைகளை நிர்வகிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைப் புரட்டுகிறார்கள். சும்மா நிற்கிற நேரம் ஏதாவது செய்துகொண்டு நிற்கிற நேரத்தைவிட நீளமாகத் தோன்றும், எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். அதில் ஒன்று, தனியாகக் காத்திருப்பது கூட்டாளியோடு காத்திருப்பதைவிட நீளமாகத் தோன்றும் என்பது. நீங்கள் கடிகாரத்தில் 40 நிமிடம் மிச்சம் பிடித்தீர்கள், அவருக்கு அந்தக் கொஞ்ச நேரமும் யுகமாகப் போயிருக்கும்.

கணக்குப் பிள்ளை மாதிரி பேசுகிறீர்களே, நானும் ஒரு கணக்கு சொல்கிறேன். எவரெஸ்ட் ரயில் ஓடுவது ஏறக்குறைய மூன்று நிமிடம். கிறிஸ்துமஸ் வாரத்தில், வருடத்திலேயே கூட்டம் அதிகமான நாட்களில், காத்திருப்பது ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அப்படியென்றால் தீம் பார்க்குக்குப் போவது என்பதே பெரும்பாலும் நிற்கப் போவதுதான். 23 வருடமாக ஸ்கூல் பஸ், ஆபீஸ் போன், பையனின் எஸ்ஏடி (கல்லூரி நுழைவுத் தேர்வு) என்று ஓடிய இரண்டு பேருக்கு, போவதற்கு வேறெங்கும் இடமில்லாமல் தொண்ணூறு நிமிடம் தோளோடு தோள் நிற்கக் கிடைத்தால் அது வரம். மகன் போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று அவர் அங்கே உங்களிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் காசு கொடுத்து அந்த நேரத்தைத்தான் வெட்டி எறிந்தீர்கள். வெட்ட முடியாத இடங்களிலும் போனைப் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள். காசு கட்டினால் சீக்கிரம் உள்ளே விடுகிற லைட்னிங் லேன் வரிசையில் அடுத்த நேரம் திறக்கிறதா என்று "வரிசையில் நின்றபடியே விடாமல் ஆப்பைப் பார்த்ததால்" 11 இடம் பிடித்ததாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 1999ல் ஃபாஸ்ட்பாஸ் என்று இது வந்தபோது இலவசம், 2021லிருந்து காசு. காசு கொடுத்துவிட்டால் நம் ஆட்களுக்குக் கண் போனைவிட்டு நகராது, ஒப்புக்கொள்கிறேன், நானும் அந்த ரகம்தான்.

மனைவி கேட்டவை இரண்டே இரண்டு. உங்கள் கடிதத்திலேயே, குறை சொல்கிற தொனியில், இருக்கின்றன. ஒன்று, மேஜிக் கிங்டமில் பீப்புள்மூவரில் இன்னொரு தடவை ஏற வேண்டும் என்றாராம், நீங்கள் "அது வயசானவங்க ஏர்றது" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். பத்து நிமிடம், மாடி உயரத்தில், காற்று வாங்கிக்கொண்டு மெதுவாகப் போகிற வண்டி, பக்கத்து இருக்கையில் கணவர். ஏன் மறுபடி கேட்டார் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? இரண்டாவது, அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கிற சானா உணவகம். ஐந்து வகை நான், குல்சா, பராத்தா, தொட்டுக்கொள்ள ஒன்பது வகை, ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி நடக்கும். அவரே பதிவு செய்துவைத்த ஒரே இடம் அதுதான், "போக வர இரண்டு மணி நேரம் வீண்" என்று நீங்கள் ரத்து செய்தீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று தாளில் தேடினேன். டைனோசர் ரைடு, ஒரு சாண்ட்விச், "பஃபர்".

எனக்கு உங்கள் மேல் கோபமில்லை. மூன்று மாதம் ஒருவர் உட்கார்ந்து திட்டம் போடுகிறார் என்றால் அதில் பிரியம் இல்லாமல் இருக்காது. ஆனால் "முடித்தோம்" என்று எழுதுகிறீர்களே, நான்கு பார்க்கையும் முடித்தோம், ஏதோ வரி ரிட்டர்ன் தாக்கல் செய்த மாதிரி. முடித்தது நீங்கள். அவர் மூன்றாம் நாள் மதியமே நின்றுவிட்டார்.

அடுத்து என்ன செய்வது என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் வாரத்தில் போகாதீர்கள், மகன் விடுதியில் இருப்பதால் உங்களுக்குப் பள்ளி விடுமுறைக் கட்டாயம் கிடையாது. ஜனவரிக் கடைசியிலோ செப்டம்பரிலோ சாதாரண வார நாள் ஒன்றில் டிக்கெட் விலையும் குறைவு, கூட்டமும் குறைவு (செப்டம்பர் புயல் காலம், குடையும் கொஞ்சம் துணிச்சலும் வேண்டும்). நான்கு நாளைக்கு இரண்டு பார்க் போதும். எக்ஸெல் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், காலியாகவே திருப்பித் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. அந்தப் பெஞ்சுக்கு எதிரே தண்ணீர், அதற்கு அப்பால் மலை, சில நிமிடத்துக்கு ஒரு தரம் ரயில் கூச்சலோடு கீழே பாயும். இரண்டரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து என்ன பார்த்தார், என்ன நினைத்தார்? எட்டுப் பக்கக் கடிதத்தில் அது மட்டும் இல்லை. கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் இன்று ராத்திரி கேளுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. உங்களிடம் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன்.