டிராக்குக்கு எந்த பூட்?

கேள்வி: அண்ணே, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் முதல் தடவையாக ஓட்டப் போகிறேன். கணுக்கால் வரை மூடும் ரைடிங் ஷூ இருக்கிறது. அது போதுமா?
– வாசகர் ஒருவர், மண்டபம்

பதில்: போதாது தம்பி. ராமநாதபுரம் போய்வர அது சரி. டிராக்குக்குக் கெண்டைக்கால் வரை ஏறும் ரேஸிங் பூட்தான் வேண்டும்.

பூட்டின் உள்பக்க லேபிளைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் படமும் இஎன் 13634 என்ற எண்ணும் (பைக் ஓட்டும் காலணிக்கான ஐரோப்பியத் தரநிலை) இருக்கும். கூடவே நான்கு இலக்கங்கள்: உயரம், பிறகு உராய்வு, வெட்டு, குறுக்குவாட்டு அழுத்தம் இவற்றைத் தாங்கும் திறன் என்ற வரிசையில், ஒவ்வொன்றும் 1 அல்லது 2. நான்குமே 2 என்றால் நல்லது. கடைசி இலக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. வண்டி காலின் மேல் சாயும்போது பாதம் நசுங்காமல் தாங்குவது அதுதான். சைலென்சர் மாற்ற எடுத்துவைத்த காசு இருந்தால் இதில் போடுங்கள்.

அப்புறம், குதிகாலை ஒரு கையிலும் மேல்பகுதியை இன்னொரு கையிலும் பிடித்து முறுக்குங்கள். முன்னும் பின்னும் மடங்க வேண்டும், பக்கவாட்டில் விறைப்பாக நிற்க வேண்டும். விரல் ஓரத்து ஸ்லைடர், அதாவது வளைவில் தரையில் உரசும் துண்டு, தேயும். திருகைக் கழற்றி மாற்றும்படி இருக்கட்டும். சாயங்காலம் கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், ரைடிங் சாக்ஸோடு போட்டு, வண்டியில் உட்கார்ந்து கியர் மாற்றிப் பார்த்து வாங்குங்கள்.

நம்ம கரையில் உப்புக்காற்று ஜிப்பைத்தான் முதலில் பிடிக்கும். பல்லிடுக்கில் வெள்ளையாகப் பூத்தால், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். காய்ந்தபின் ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.