வெலிங்டன் மலைவீட்டுக்குப் போகுமுன் படியை எண்ணச் சொல்லுங்கள்

தம்பி, நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், வெலிங்டனில் மலைமேல் இருக்கும் பெரியப்பா மகன் வீட்டுக்கு டிசம்பர் கடைசியில் நாலு நாள் போகிறோம், என்ன வாங்கிப் போவது, அம்மாவுக்கு முட்டிவலி வேறு என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். என்ன வாங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். இன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டு, ரோட்டிலிருந்து வாசற்கதவு வரைக்கும் எத்தனை படி என்று கேளுங்கள். "கொஞ்சம் படிதான்" என்பார். விடாதீர்கள், எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

நானும் அப்படித்தான் சொன்னேன். இதே வெலிங்டனில் எங்கள் வீட்டுக்கு 84 படி, பதினாறு வருடமாக ஏறி இறங்குவதால் எனக்கு அது படியாகவே தெரிவதில்லை. மாமனாரும் மாமியாரும் முதல்முறை வந்தபோது, நாங்கள் தடுக்கத் தடுக்க மாமனார் 23 கிலோ பெட்டியை நானே தூக்குவேன் என்று கிளம்பி, பாதியில் திருப்பத்தில் இருக்கும் பெரணி மரத்தடியில் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். காற்றில் மாமியாரின் முந்தானை அவர் முகத்தில் வந்து அடிக்கிறது. அதை விலக்கிவிட்டு மேலே ஒரு பார்வை பார்த்தார். "இதுக்குப் பழநிக்கே போயிருக்கலாமே, அங்க வின்ச்சாவது இருக்கு" என்றார்.

வின்ச் இங்கேயும் உண்டு, அதுதான் வேடிக்கை. 1902-இலிருந்து ஓடும் பொது கேபிள் காரைச் சொல்லவில்லை, அது லாம்ப்டன் கீயிலிருந்து கெல்பர்ன் வரை போவது, அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். நான் சொல்வது வீடுகளுக்கே தனியாகப் போட்டிருப்பது. தண்டவாளத்தில் ஏறும் சின்னப் பெட்டி, இரண்டு மூன்று பேர் நிற்கலாம், இந்த ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அண்ணன் வீட்டிலோ பக்கத்து வீட்டோடு பங்காகவோ இருந்தால் உங்கள் கவலை பாதி தீர்ந்தது. படி மட்டும்தான் என்றால் பெரிய பெட்டியை ஆக்லாந்திலேயே வைத்துவிட்டு ஆளுக்கொரு தோள்பையோடு போங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: வீடு ரோட்டுக்கு மேலேயா கீழேயா? முட்டிவலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பல நேரம் கஷ்டம். சரிவில் கட்டிய வீடுகளில் வாசல் மேல்தளத்திலும் படுக்கையறை அதற்குக் கீழேயும் இருக்கும், பாத்ரூம் எந்தத் தளத்தில் என்பது வீட்டுக்கு வீடு மாறும். அம்மாவுக்குப் பாத்ரூம் இருக்கும் தளத்திலேயே படுக்கை வேண்டும் என்று கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிடுங்கள். போன பிறகு சொன்னால் அண்ணி ராத்திரியோடு ராத்திரியாக மெத்தையை இழுக்க வேண்டிவரும்.

டிசம்பர் கோடைதான், ஆனால் நல்ல நாளிலேயே 20 டிகிரிதான் இருக்கும், அதோடு காற்று. குடை எடுக்க வேண்டாம், உடைந்துதான் திரும்பும். காதை மூடும் தொப்பி ஒன்று, தலைவழியாக மாட்டும் மழைக்கோட்டு ஒன்று போதும். விமானம் இறங்கும்போது சில நாள் நன்றாகவே ஆட்டும், அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். வெயில் இங்கே வடக்குப் பக்கம் அடிக்கும், தெற்குச் சரிவு வீடு என்றால் கோடையிலும் உள்ளே குளிரும், சாக்ஸ் முக்கியம். சுடுதண்ணீர் பல வீடுகளில் ஒரே தொட்டிதான், ஆறு பேர் வரிசையாகக் குளித்தால் ஐந்தாவது ஆள் அலறுவார்.

நிலநடுக்கம் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பயமுறுத்த வேண்டாம். வீடுகள் பெரும்பாலும் மரம், வளைந்து கொடுக்கும், கிறீச்சென்று சத்தம் வரும். வெளியே ஓடுவது நம் பழக்கம். இங்கே மேஜைக்கு அடியில் குனிந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2016 நவம்பரில் நள்ளிரவில் கைக்கோரா நிலநடுக்கம் வந்தபோது நானே கதவு வரை ஓடினேன். அந்த இருட்டில் 84 படியில் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

சரி, வாங்கிப் போவது. ஸ்வீட் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் கொண்டுவருகிறார்கள். நல்ல கறிவேப்பிலையாக ஒரு பை வாங்கிப் போங்கள், உள்நாட்டு விமானத்தில் தடையில்லை. என் வீட்டில் இரண்டு செடி இந்தக் காற்றுக்கே பலியாகிவிட்டன, உங்கள் அண்ணி கையில் அதைக் கொடுத்துப் பாருங்கள். போய்ச் சேர்ந்தபின் அரிசி, பால், உருளைக்கிழங்கு எல்லாம் நீங்களே வாங்கி மேலே தூக்கிக் கொடுங்கள். படி வீட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய சீர் கிடையாது. திரும்பும் நாளில் குப்பைப் பையைக் கீழே கொண்டுபோனால் இன்னும் விசேஷம்.

இங்கே நியூலாண்ட்ஸ் பகுதியில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது, ஒரு மாலை அம்மாவை அழைத்துப் போங்கள். குன்றுதோறாடும் சாமி இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

படி எத்தனை என்று தெரிந்ததும் எழுதுங்கள். மாமனார் விட்டுப்போன ஊன்றுகோல் ஒன்று எங்கள் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது, ஏர்போர்ட்டிலேயே கொண்டுவந்து தருகிறேன்.