ஒரே காய்ச்சல், அண்ணாவுக்கு மட்டும் ஏன் நியூமோனியா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரே வீட்டில் எனக்கும் அண்ணாவுக்கும் இன்புளுவென்சா ஏ. நான் மூன்று நாளில் எழும்பிவிட்டேன்; சீனி வருத்தக்காரரான அவர் நியூமோனியாவோடு வார்டில் கிடந்தார். "கிருமியைவிட உடம்பின் அழற்சிதான் படுத்தியது" என்றார்கள். அடுத்த முறை முதல் நாளே அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்தான பிறெட்னிசொலோன் போட்டால் என்ன?

பதில்: போடாதீர்கள். தொடக்கத்தில் உடம்பின் எதிர்ப்பை அடக்கும் வேலையைத்தான் வைரஸே செய்கிறது.

கலத்துக்குள் நுழைந்ததும் வைரஸின் என்.எஸ்.1 புரதம், வைரஸ் ஆர்.என்.ஏ.யை மோப்பம் பிடிக்கும் கலத்தின் ரிக்-ஐ உணரியை மடக்கி, எச்சரிக்கைப் புரதமான இன்டர்பெரோன் சுரப்பதைத் தாமதிக்க வைக்கிறது. வைரஸின் பி.ஏ-எக்ஸ் புரதம், புரதம் செய்யக் கட்டளை கொண்டுபோகும் கலத்தின் சொந்த எம்.ஆர்.என்.ஏ.யை வெட்டுகிறது. காவல்காரன் தூங்க, கிருமி பெருகுகிறது. பிறகுதான் கூச்சல்: வைரஸின் எம்2 புரதத் துளை கலத்தின் உள்ளே அமிலச் சமநிலையைக் குழப்ப, கலத்தின் அபாய மணியான இன்பிளமசோம் விழித்து, அழற்சியை மூட்டும் இன்டர்லூகின்-1பீட்டாவை வெளியே தள்ளும். வெள்ளணுக்கள் நுரையீரலில் குவியும், காற்றறைகளில் நீர் கசியும். முதல் நாள் ஸ்டீரொயிட் அந்தத் தூக்கத்தை நீட்டும், அவ்வளவுதான். ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே பாவிப்பவர்கள் மட்டும் நிறுத்தக்கூடாது.

அண்ணாவுக்கு வந்த வைரஸ்தான் கொடியதோ என்று கேட்கலாம். வைரஸின் இன்னொரு புரதமான பி.பி.1-எப்2இல் 66ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறினால் எலிகளில் நோய் கடுமையாகும். 1918 பெருந்தொற்று வைரஸில் அந்த மாற்றம் இருந்தது. ஆனால் 2009 பன்றிக் காய்ச்சல் வைரஸான எச்1என்1இல் இந்தப் புரதம் முழுதாக உருவாகவே இல்லை, அப்படியும் ஆட்கள் இறந்தார்கள். ஆக, எல்லாப் பழியையும் ஒரு புரதத்தில் போட முடியாது. உங்கள் இருவருக்கும் வந்தது பெரும்பாலும் ஒரே வைரஸ்தான். அண்ணாவின் சீனி, முந்தைய எதிர்ப்புச் சக்தி, கிருமி எவ்வளவு ஆழம் இறங்கியது, பின்னால் பக்டீரியா சேர்ந்ததா என்பவைதான் வித்தியாசம்.

அண்ணாவுக்கு இனி இப்படிக் காய்ச்சல் வந்தால் 48 மணித்தியாலத்துக்குள் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்தான ஒசெல்டமிவிர் 75 மி.கி., நாளுக்கு இரு வேளை, ஐந்து நாள். சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும். இந்த மருந்து வைரஸின் பெருக்கத்தைத்தான் தடுக்கும், கிளம்பிவிட்ட அழற்சியை அணைக்காது. அதனால்தான் நேரம் முக்கியம்.

கொழும்பில் இருப்பதால், காய்ச்சல் டெங்கு இல்லையென்று தெரியும்வரை பனடோல் மட்டும்: 500 மி.கி. குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். இபுபுரொபன், அஸ்பிரின், டைக்குளோபெனாக் கூடவே கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால், இரத்தக் கலங்களை எண்ணும் எப்.பி.சி. பரிசோதனை செய்யுங்கள்.

குறைந்த காய்ச்சல் ஐந்தாம் நாளளவில் மஞ்சள் சளியோடு திரும்பினாலோ, படுத்திருக்கையிலேயே மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டும் மானியில் ஒட்சிசன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.