செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. இருக்கும்போது, ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பான பசுங்கணிகத்துக்குள்ளும் வட்டமாக ஒரு டி.என்.ஏ. எதற்கு?

எதற்கு என்பதைவிட எப்படி வந்தது என்று கேட்டால் பதில் எளிது. பசுங்கணிகத்தின் மூதாதை தனியாக வாழ்ந்த ஒரு நீலப்பசும்பாசி (பெயரில்தான் பாசி, உண்மையில் ஒரு பாக்டீரியா). நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் உட்கரு கொண்ட ஒரு நுண்ணுயிர் அதை விழுங்கியது. செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. வந்தது தன் டி.என்.ஏ.வோடுதான் வந்தது. ரஷ்யத் தாவரவியலாளர் மெரெஷ்கோவ்ஸ்கி 1905-லேயே இப்படி எழுதினார். அப்போது யாரும் பெரிதாகக் காதுகொடுக்கவில்லை. 1962-ல் கிளாமிடோமோனாஸ் பாசியின் பசுங்கணிகத்துக்குள் டி.என்.ஏ. இழைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. பேச்சு மறுபடி சூடுபிடித்தது.

அந்த ‘வட்டத்தை’ மட்டும் அப்படியே நம்பாதீர்கள். தாவரவியல் ஆசிரியராக நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் அதைத்தான் வரைந்தேன். 1986-ல் ஜப்பானில் முழுமையாகப் படிக்கப்பட்ட புகையிலையின் பசுங்கணிக டி.என்.ஏ. சுமார் 1,56,000 எழுத்து (டி.என்.ஏ. இழையின் அடிப்படை அலகு) நீளம். அதில் ஏறத்தாழ 25,000 எழுத்துள்ள ஒரு பகுதி எதிரெதிர்த் திசையில் இரண்டு முறை வருகிறது. வரிசையை வரைபடமாக்கினால் வட்டம் கிடைக்கும். ஆனால் மக்காச்சோள நாற்றுகளிலிருந்து மூலக்கூறுகளையே எடுத்துப் பார்த்தபோது நேர் இழைகளும் கிளைவிட்ட இழைகளுமே மிகுந்திருந்தன. அதுவும் ஒன்றிரண்டல்ல, ஓர் இலைச் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான பிரதிகள், புரதங்களோடு முடிச்சு முடிச்சாகத் திரண்டு கிடக்கின்றன.

எனக்குப் பிடித்த கதை இனிமேல்தான். தனித்து வாழும் சினெக்கோசிஸ்டிஸ் என்ற நீலப்பசும்பாசிக்கு 3,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள். நிலத் தாவரங்களின் பசுங்கணிகத்திலோ பொதுவாக 120-க்குப் பக்கத்தில்தான். மீதியில் சில தேவையற்றுத் தொலைந்தன, பல உட்கருவுக்குக் குடிபெயர்ந்தன. அதுவும் அரைகுறையாக! காற்றிலுள்ள கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியைப் பாருங்கள்: செடிகளில் அதன் பெரிய துண்டுக்கான மரபணு பசுங்கணிகத்தில், சிறிய துண்டுக்கானது உட்கருவில். சிறியது வெளியே தயாராகி, இரண்டு சவ்வுகளைத் தாண்டி உள்ளே வந்து பெரியதோடு சேர வேண்டும். திட்டம் போட்டுக் கட்டிய வீடு இப்படி இருக்காது.

இந்தக் குடிபெயர்வு இன்னும் நடக்கிறது. 2003-ல் ஆஸ்திரேலியாவில் புகையிலையின் பசுங்கணிகத்தில் ஒரு மரபணுவைச் செருகி, அந்தச் செடியின் மகரந்தத்தால் உருவான நாற்றுகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 16,000-க்கு ஒரு நாற்றில் அது உட்கருவுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.