கையைத் தூக்கினால் கவுனே மேலே ஏறுகிறதா?

1770களின் ஆங்கிலேயக் கவுனைக் கையாலேயே தைத்து முடித்தேன், கையைத் தூக்கினால் உடம்புப் பகுதி முழுக்க மேலே ஏறுகிறது, கைக்குழியை இன்னும் வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கத்தரியைக் கீழே வையுங்கள். குழி இறங்க இறங்க இன்னும் அதிகமாகத்தான் இழுக்கும்.

நம் பிளவுஸ் போலக் கவுனின் கையை முழு வட்டமாகச் சுற்றித் தைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் அப்படியில்லை. அக்குள் பக்கம் மட்டும் முதலில் பின்தையல் (backstitch) போடுவார்கள். அப்புறம் உள்ளே கச்சை, அதாவது உடம்பை இறுக்கிப் பிடிக்கும் விறைப்பான உள்ளாடையைக் கட்டி, கவுனைப் போட்டுக்கொண்டு, கையின் மேல்பகுதியைத் தோளில் லைனிங்கின் மீது படியவிட்டு, மிஞ்சும் துணியைச் சின்னச் சின்ன மடிப்பாக்கிக் குண்டூசி குத்துவார்கள். தைத்தபின் தோள்பட்டைத் துண்டு அதை மூடிவிடும். மடிப்பு கோணல்மாணலாக இருந்தாலும் வெளியே தெரியாது.

எனவே தோள் பக்கத் தையலை மட்டும் பிரியுங்கள். துணைக்கு யாரையாவது கூப்பிடுங்கள். நான் கண்ணாடி முன் தனியாக முயன்று தோளில் குத்திக்கொண்டதுதான் மிச்சம். கச்சு இல்லாமல் அளவு பார்க்காதீர்கள், தோள் நிற்கும் இடமே மாறிவிடும். ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? சரி, அக்குளில் அதே துணியில் ஒட்டுப் போடுங்கள். அந்தக் காலக் கவுன்களிலேயே ஒட்டு சகஜம்.